எர்த்

மேட்டூர் திறந்து இருபத்தோராம் நாள்.
வெண்ணாற்றில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் போகிறது.
ஊருக்கெல்லாம் சந்தோஷம்.
எனக்கு மட்டும் வேலை இல்லை.
ஆறு வந்துவிட்டால் யாருக்கும் மோட்டார் எரிவதில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டின கடை,
‘பூங்கோதை காயில் ஒர்க்ஸ்’.
கூரியர்காரர் சாய்த்து வைத்துவிட்டுப் போன பெட்டியில்
ஒரு கிட்டார், துண்டு துண்டாக.
உடம்பு தனி, கழுத்து தனி,
திருகாணி ஒரு பொட்டலம்,
சீன எழுத்தில் ஒரு தாள்.
படங்கள் மட்டும் புரிந்தன. அவையும் பாதி.

ஏன் வாங்கினாய் என்று கேட்காதவர் இல்லை.
கேட் மூடினால் இருபது நிமிஷம்,
வண்டியை அணைத்து இறங்குகிறவர்களுக்கு
நான்தான் வேடிக்கை.
நூற்றிருபது உப்புத்தாள் மன்னார்குடி வண்டிக்கு,
இருநூற்றிருபது சரக்கு ரயிலுக்கு,
நானூறு போடும்போது
எஞ்சினைக் கழற்றித் திசை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
கோட்டூர் வீரசேகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
“இது எத்தனை எச்பி?” என்றார்.
ஆறு கம்பி, என்றேன்.
“சிங்கிள் பேஸா?”

மரம் எனக்குப் புதிது.
செம்பு வளைத்த இடத்தில் நிற்கும்.
மரத்துக்கு ஒரு போக்கு இருக்கிறது,
எதிர்த்துத் தேய்த்தால்
பூனை முதுகு மாதிரி சிலிர்த்துக்கொள்கிறது.
கழுத்து குழியில் இறங்கவில்லை, ஒரு நூல் இடிக்கிறது.
அந்த ஒரு நூலுக்கு ஒரு ஞாயிறு போனது.
அப்புறம் பார்த்தால் ஒன்றரை நூல் தேய்த்திருக்கிறேன்.
இடைவெளியில் லெதராய்டு காகிதம் செருகினேன்,
ஸ்டேட்டர் பள்ளத்தில் காயிலுக்கு அடியில் வைக்கிற அதே காகிதம்.

பிக்கப்பைக் கையில் எடுத்தபோதுதான்
கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.
காந்தம். சுற்றிலும் செம்புக் கம்பி,
தலைமயிரை விட மெல்லிசு, ஐயாயிரம் சுற்றோ ஏழாயிரமோ.
யாரோ ஒருத்தி சுற்றியிருப்பாள்,
அவளுக்கும் வலது தோள் வலிக்கும்.
மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஆறாயிரத்து நூறு ஓம்.
நல்ல கை.

பூச்சுக்குத் தஞ்சாவூர் போகச் சொன்னார்கள்.
எதற்கு? காயிலுக்கு ஊற்றுகிற சிவப்பு வார்னிஷ்
டின்னில் பாதி கிடந்தது.
ஆனிக் காற்று தெருவையே அள்ளி வருகிறதென்று
ஷட்டரை இறக்கி
மோட்டார் காயவைக்கிற இருநூறு வாட் பல்பைத் தொங்கவிட்டேன்.
தூசி வரவில்லை.
நாற்றங்காலிலிருந்து தத்துப்பூச்சிகள் வந்தன,
பச்சைப் பச்சையாக.
பதினேழை இடுக்கியால் பொறுக்கினேன்.
பதினெட்டாவது, இறக்கையை விரித்தபடி, ஒட்டிக்கொண்டுவிட்டது.
இருக்கட்டும் என்று மேலேயே இன்னொரு பூச்சு.

ஈயம் வைப்பதில் எனக்குப் பயமில்லை.
படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.
மைக்செட் ஜெகபர் ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்தான்.
சொருகினோம்.

ம்ம்ம்ம்ம்ம்ம்

ஒரு பேஸ் போன மோட்டார் இப்படித்தான் உறுமும்.
ஜெகபர் பிளக்கின் உலோகத்தைத் தொட்டான், அடங்கியது.
விரலை எடுத்தான், உறுமியது.
என்னைப் பார்த்தான்.
நான் தாளைப் பார்த்தேன்.
பிரிட்ஜுக்கு அடியில் போக வேண்டிய
சின்னக் கறுப்புக் கம்பி,
படத்தில் இருக்கிறது, என் மேசையிலும் இருக்கிறது.

பதினாலு வருஷமாக
மோட்டாரை ஏற்றிக்கொண்டு போகிற ஒவ்வொருவரையும்
கேட்டு அனுப்புகிறவள் நான்:
“எர்த் போட்டீங்களா?”

கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜைக் கழற்றி,
காய்ந்த வார்னிஷில் நீளமாய் ஒரு கீறல் விழுந்து,
மறுபடி மாட்டி முடிக்க மணி பதினொன்று.
ஜெகபர் எப்போதோ போய்விட்டான்.
தடித்த கம்பி மேல் உள்ளங்கையை வைத்தேன்.
உறுமல் நின்றது.
வாசிக்கத் தெரியாது எனக்கு.
வைத்த கையை எடுக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே கேட் மூடுகிற மணி.
யாரோ வண்டியை அணைக்கிறார்கள்.
கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

“என்னக்கா, ஓடுதா?”

ஓடுது.