ஆறு இலக்கம்

ஆர்வெத்தைப் புதைத்து ஏழு வாரம் ஆகியும்
விடிகாலை நாலு நாற்பதுக்கு
அவன் போன் அலறிக்கொண்டுதான் இருக்கிறது.
பூட்டிய போனிலும் அலாரத்தை அணைக்கலாம்,
அதற்கு மட்டும் யாருக்கும் அனுமதி உண்டு.
அணைக்கிறேன்.
முதல் படகின் எஞ்சினைச் சூடேற்ற
வேறொருவன் இந்நேரம் இறங்கியிருப்பான்.

தினமும் சார்ஜ் போட்டு வைப்பதும் நீதானே அம்மா
என்று சொல்லிக்காட்டினாள் லோரே.

அவளுக்குப் பள்ளியில் டேப்லெட் கேட்கிறார்கள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
விறகு, சவப்பெட்டிக்காரர் பாக்கி, பனிக்கால டயர்.
இருப்பதைத் திற என்றது கணக்கு.
என் போனும் உடைந்த கண்ணாடியோடுதான் ஓடுகிறது.
அவன் போன், அவன் டேப்லெட்,
இரண்டுக்கும் ஆறு இலக்கம்.

அவன் பிறந்த நாள். இல்லை.
லோரே பிறந்த நாள். இல்லை.
கல்யாண நாளை அடிக்குமுன் விரல் தயங்கியது,
இல்லை என்று வந்துவிட்டால்?
வந்தது.
ஒரு நிமிடம் பொறு என்றது திரை.
பிறகு ஐந்து. பிறகு பதினைந்து.
அந்தப் பதினைந்தில் உருளைக்கிழங்கு உரித்தேன்.
ஒரு மணி நேரம் என்றபோது
கொழுந்தன் ஏரிக் வந்தான், புகைபோட்ட மீனோடு.
அண்ணனின் ராணுவ எண்ணைப் போட்டான்,
பிறகு நாய் செத்த தேதியை.
நாய் செத்த தேதி அவனுக்கு நினைவிருந்தது.
திரை மசியவில்லை.

பூட்டின் முகப்பில் தெரிவது இவ்வளவே:
கடல், மணி, இரண்டு ஊரின் குளிர்.
குரெஸ்ஸாரே, மைனஸ் மூன்று.
அதன் கீழே வென்ட்ஸ்பில்ஸ், பூஜ்ஜியம்.
லாட்வியாவில் எங்களுக்கு யாருமில்லை.
ஏதாவது எஞ்சின் பாகம் வாங்கப் போயிருப்பான்
என்றான் ஏரிக், நான் கேட்காமலே.
கேட்காத கேள்விக்கு வந்த பதிலை
முள்ளோடு முள்ளாகத் தட்டின் ஓரம் ஒதுக்கினேன்.

நிறுவனத்துக்கு எழுதினேன்.
இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாங்கிய ரசீதும் வேண்டும்.
கருவிப்பெட்டியில் கிடந்தது ரசீது, கிரீஸ் கைரேகையோடு.
பதினெட்டுத் தவணை.
கடைசியை அவன் கட்டவில்லை,
அவன் போன மறுவாரம்
என் கணக்கிலிருந்து தானாகப் போயிருக்கிறது.
ஒன்பதாம் நாள் பதில்:
பூட்டை நீக்கித் தருகிறோம்,
உள்ளிருப்பதைத் தர இயலாது.
ஆழ்ந்த அனுதாபமும் இருந்தது,
கோரிக்கை எண்ணுக்குக் கீழே.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது.
கேபிளைப் பிடித்தபடி ஏரிக் என்னைப் பார்த்தான்.
லோரே பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்,
ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை.
உள்ளே என்ன இருந்ததோ,
எஞ்சின் அறைச் சத்தமோ,
லோரேயின் ஆடும் முதல் பல்லோ,
வாய் திறந்து நான் தூங்கும் படமோ,
வென்ட்ஸ்பில்ஸில் யாரோ ஒருத்தியின்
சமையலறை ஜன்னலோ.
எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்.
அழுத்தினேன்.
தைரியம் என்று சொல்லிவிடாதீர்கள்,
அடுப்பில் கிழங்கு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளைத் திரை.
தெரிந்த மொழியிலும் தெரியாத மொழியிலும் வணக்கம்.
பிறகு வைஃபை கேட்டது.
லோரே யோசிக்காமல் அடித்தாள்,
அப்பா ரவுட்டருக்கு வைத்த கடவுச்சொல்லை:
தாத்தாவின் பழைய படகுப் பெயர், அதையடுத்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஆறு இலக்கம் வரை போய்
அவள் விரல் நின்றது.
ஏரிக் மெல்லுவதை நிறுத்தினான்.

நான்கு வருடமாக ஃபிரிட்ஜ் கதவில்
காந்தத்தின் கீழே தொங்கும் எண்.
விருந்தாளிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டிய எண்.
அதுதானா, இல்லையா?
போட்டுப் பார்க்க
இனி எங்களிடம் பூட்டு இல்லை.

அவன் போன் இப்போது என் போன்.
இன்று நாலு நாற்பதுக்கு அது வாய் திறக்கவில்லை,
நானாகத்தான் விழித்தேன்.
இருட்டில் வானிலையைத் திறந்து
ஓர் ஊரைச் சேர்த்தேன்.
வென்ட்ஸ்பில்ஸ்,
பிளஸ் ஒன்று.
லேசான மழை.