எட்டாவது நொடி

பாகலூர் ரோஜாப் பண்ணையிலிருந்து
நான்காவது தடவை திரும்பி வந்திருக்கிறது இந்தப் பலகை.
பெட்டிக்குள் ஒரு முள், கொஞ்சம் செம்மண்,
திம்மராயப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு:
ஆன் பண்ணி ஏழு எண்றதுக்குள்ள உறைஞ்சிடுது மேடம்,
பனி அடிக்கிற மோட்டார் நிக்கவே இல்ல.

ஓசூர் சிப்காட், மாடி அறை, இரவு பதினொன்று.
கீழே லாரி திரும்பும்போதெல்லாம் மேசை அதிர்கிறது.
டிரைவர் எழுதுகிறேன் என்று சொன்ன நாள் முதல்
வீட்டுக்கார அம்மா
பார்த்து ஓட்டும்மா என்றுதான் வழியனுப்புகிறார்.

எனக்கு முன்பு இதை எழுதியவர் பெங்களூரில் இருக்கிறார்.
அவர் கோப்பில் சென்சாருக்குக் கிளாக் ஒன்று.
இருபத்து நான்கு மெகாஹெர்ட்ஸ், மாறாதது.

சர்க்யூட் படத்தை விரித்தேன்.
ஒன்றில்லை, இரண்டு.
ஒன்று சிப்பின் உள்ளே வேலையை ஓட்டுவது,
மற்றது வெளியிலிருந்து கூப்பிட்டால் ஏன் என்று கேட்க வைப்பது.
பூட்லோடர் போகிற போக்கில் அணைக்காமல் விட்டுப்போன
விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனிதர்.
விளக்கு யாருடையது என்று விசாரிக்கவில்லை.

கர்னல் விசாரிக்கும்.
எழுந்து, முகம் கழுவி, அறை அறையாகப் போய்
இது யாருக்கு வேண்டும் என்று கேட்கும்.
வாயைத் திறக்க ஆள் இல்லாததை அணைத்துவிடும்.
அதுதான் ஏழாவது நொடி.
அதற்குப் பிறகு சிப்பைக் கூப்பிட்ட குரல்
கூப்பிட்டபடியே நிற்கிறது.

இரண்டாம் முறை வந்தபோது யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்:
எதையும் அணைக்காதே.
சோலார் பேட்டரி விடிவதற்குள் செத்து
மூன்றாம் முறையாக வந்தது.

பலகையைப் புரட்டி லென்ஸ் வைத்தேன்.
கிரிஸ்டலின் தகர முதுகில் 25.000.
கொள்முதல் ரிஸ்வானாவை எழுப்பிக் கேட்டேன்.
இருபத்து நாலு கிடைக்கல, தை மாசமே மாத்திட்டோம்,
நாலும் அஞ்சும் பக்கத்துலதானே என்றாள் கொட்டாவியோடு.
பக்கத்தில்தான்.
அந்தப் பக்கத்தில்தான் ஈரப்பதம் எழுபது
சில நாள் கேள்விக்குறியாக வந்து சேர்ந்தது.
வகுக்க வேண்டியது நூற்று ஐம்பத்தாறால் அல்ல,
நூற்று அறுபத்து மூன்றால்.

பெயர் வைப்பதில் ஒரு மணி நேரம் போனது.
எங்கே பிறந்தது என்பதை வைத்துப் பெயரிடக்கூடாது,
எந்தக் காலில் வந்து சேர்கிறது என்பதை வைத்து.
கெலவரப்பள்ளி அணையில் திறந்தாலும்
வயலுக்கு அது மடைத் தண்ணீர்.

படத்தில் மூன்றாவது கிளாக் ஒன்றும் உண்டு.
பலகையில் அந்த இடத்தில் இரண்டு சொட்டு ஈயம்,
மேலே யாரும் குடிவரவில்லை.
விட்டுவிட்டேன்.
நாளைக்கு வரலாம் என்று தோன்றியது,
நாளைக்கு வந்தால் நாளைக்கு எழுதலாம்.

இரண்டு கிளாக். இரண்டுக்கும் பெயர்.
வேண்டும்போது கேட்டு வாங்கி, தூங்கப் போகும்போது
திருப்பிக் கொடுக்கும் டிரைவர்.
அணைக்காதே என்ற வரியை அழித்தேன்.
மின்சாரம் கொடுத்தேன்.
ஐந்து, ஆறு, ஏழு.
ஒரு லாரி போனது.
எட்டு.

நாலரைக்குத் திம்மராயப்பா போனை எடுத்தார்.
பூ வெட்டுகிற நேரம், கத்தரிச் சத்தம்.
சரியாயிடுச்சு, காலை பஸ்ஸில் போட்டு விடுறேன் என்றேன்.
கடிகாரம்தான் தப்புன்னீங்களே,
இப்ப மணி சரியா காட்டுமா மேடம்?
அதுக்கு மணியே தெரியாதுண்ணா, துடிக்க மட்டும்தான் தெரியும்.
அவர் பதில் சொல்லவில்லை.
பலகை இல்லாத இந்த மூன்று நாளாக
மோட்டாரைக் கையால் போட்டு, கையால் நிறுத்துகிறாராம்.
போனைக் காதில் வைத்துக்கொண்டே
தெலுங்கில் அறுபது வரை எண்ணிக்கொண்டிருந்தார்,
நாற்பதுக்கு மேல் கொஞ்சம் வேகமாக.