அரை மதிப்பெண்

‘ஒற்றைப் பிணைப்பு தடையின்றிச் சுழலும்’
என்று எழுதியிருக்கிறாள் லவ்டேல் பெண்.
‘தடையின்றி’யைச் சுழித்து
அரை மதிப்பெண் குறைத்தேன்.

வெளியே கேத்திச் சரிவெல்லாம் உறைபனி.
பால் காய்வதற்குள் அடுப்பில் நீலம் சுருங்கி
பொட்டளவாயிற்று.
காலையிலிருந்து பேசாத போஜன்
வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து
சிலிண்டர் இடுப்பில் துண்டால் கட்டினான்,
கைக்குழந்தைக்குக் கட்டுவதுபோல.

உள்ளே பியூட்டேன்.
நான்கு கரிமம், நடுப் பிணைப்பே அச்சு.
முனைகள் எதிரெதிரே நீட்டிப் படுத்தால் சுகம்;
குளிர் ஏற ஏற அப்படிப் படுப்பவை கூடும்.
அறுபது பாகைக்கு நெருங்கினால் லேசான முட்டல்.
நேர்மேலே வந்தால் பொறுக்காது.
பொறுக்காமலே வரும், தாண்டும்,
நொடிக்கு ஆயிரம் கோடி முறை,
இந்த இரும்புக்குள்,
இந்த ஜனவரியிலும்.

நள்ளிரவில்
முதுகு காட்டிப் படுத்திருந்தவன் புரண்டான்.
முழங்கை என் விலாவில் இடிக்க
கம்பளியை மொத்தமாய்ச் சுருட்டிக்கொண்டு
அந்தப் பக்கம் போய்விட்டான்.

எழுந்து விளக்கைப் போட்டேன்.
அரையைத் திருப்பித் தரவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
தடை உண்டு.
சிறியது.