லூப் மூன்று, எண் எண்பத்தேழு

இரவு பதினொன்றரை. ஜெலுத்தோங், புளோக் சி.
சிவப்புப் பெட்டியின் வயிற்றில் கேபிளைச் செருகி
மடிக்கணினியைப் பெயின்ட் டின்மேல் வைத்திருக்கிறேன்.
காலடியில் ஐஸ் கரைந்த தே ஓ.

சைரனை ஊமையாக்கியாயிற்று.
லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, நான்கு மொழியில்.
தமிழில் மட்டும் 'ஒத்திக்கை' என்றிருந்தது.
ஒரு க்-ஐ நானே பேனாவால் அடித்தேன்.

ஒரே கம்பிதான்.
இங்கே புறப்பட்டு, இருபத்திரண்டு மாடிக் கூரையும் சுற்றி
இங்கேயே வந்து முடிகிறது.
நடுவில் எங்காவது அறுந்தாலும்
இரு முனையிலிருந்தும் பேசிக்கொண்டே இருக்கலாம்.
என் கல்யாணத்துக்கு அந்த வசதி இல்லை.

மென்பொருள் கேட்கிறது:
ஒன்று? இருக்கிறேன்.
இரண்டு? இருக்கிறேன்.
நாற்பத்தொன்று தூசியில் மூச்சு முட்டுகிறது, மாற்ற வேண்டும்.
ஐம்பத்தாறு என்றால் இரண்டு பேர் குரல் கொடுக்கிறார்கள்;
போன வருஷம் எவனோ எண்ணைத் திருப்பாமலே
மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

மேலே சியா ஹோக், நீளக் கழியும் புகைக் குப்பியுமாக.
'சுடா, தீலா?' என்கிறது வாக்கிடாக்கி.
வந்துவிட்டது, அடுத்தது போ.

எண்பத்தேழு? இருக்கிறேன்.
தூசி இல்லை, பிழை இல்லை, பச்சை நிறம்.
ஆனால் திரையில் மற்றவர்களின் கோடெல்லாம்
லேசாக நடுங்கிக்கொண்டிருக்கிறது:
யாரோ கதவைத் திறக்கிறார்கள்,
யாரோ இந்நேரத்தில் கருவாடு பொரிக்கிறார்கள்,
யாரோ சாமிக்கு ஊதுபத்தி வைத்திருக்கிறார்கள்.
எண்பத்தேழு மட்டும் அடிக்கோலால் இழுத்த மாதிரி.
காற்றே படாத கோடு.

மாடி பதின்மூன்று ஏ.
பதினான்கு என்று சொல்ல இங்கே யாருக்கும் துணிவில்லை.
வரைபடத்தில் அது ஸ்டோர்.
ஸ்டோர் வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

உள்ளே மாப், வாளி, சுருட்டிய மெத்தை,
ஒற்றை மின்னடுப்பில் மெகி,
ஆணியில் தொங்கும் துப்புரவுச் சீருடை.
கூரையில், எண்பத்தேழின் தலையில்,
ஹோட்டலில் குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி,
எலாஸ்டிக் இறுக்கமாக.

'தண்ணி கொதிச்சாலே கத்துது, காக்,' என்றாள் சுலாஸ்த்ரி
மலாயில், தன் ஊர் இழுவையோடு.
அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாக
'ஜாங்கான் லாபோர்.' சொல்லிக்கொடுக்காதே.

சியா ஹோக் என்னைப் பார்த்தான்.
நான் தொப்பியைப் பார்த்தேன்.
இதைக் கண்டதாக எழுதினால் நாளையே மெத்தை தெருவில்;
காணாததாக விட்டுப்போனால்
ஒருநாள் புகை வரும், கோடு நேராகவே இருக்கும்.

பையில் வெப்பத்துக்கு மட்டும் கூவும் தலை ஒன்று இருந்தது,
சமையலறைகளில் மாட்டுவது.
ஏணியில் ஏறி மாற்றினேன்.
தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்,
அவள் அதை ஏனோ மடித்து வைத்துக்கொண்டாள்.

கீழே வந்து வகையை மாற்றினேன்.
இனிப் பெயர்ப்பட்டை. இருபது எழுத்துக்குள்.
நிர்வாகத்துக்குப் போகும் தாளில் இது வராது,
அங்கே எண்ணும் 'சரி'யும்தான்.
எண்பத்தேழு அலறும் இரவில் மட்டும்
இந்தச் சிவப்புப் பெட்டியின் கண்ணாடியில் ஒளிரும்.
தலைக்கவசத்தோடு ஓடிவரும் பொம்பாக்காரன்
முதலில் படிப்பது இதைத்தான்,
அதனால் மலாயில் அடித்தேன்:

ஸ்டோர் அடா ஓராங்.
ஸ்டோர், ஆள் இருக்கிறது.

இடைவெளியோடு பதினான்கு. மிச்சம் ஆறு.
அவள் பெயர் அவர்கள் எழுத்தில் எட்டு.
இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

அனுப்பு.

எண்பத்தெட்டு? என்றது திரை.
வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்.
கரகரப்பு. ஒரு கரண்டிச் சத்தம்.
'செபெந்தார், தீலா,' என்றான் சியா ஹோக்
வாய் நிறைய மெகியோடு.