இருநூற்றுப் பத்து கிராம்

ரெசிஃபியில், சந்தைக்குப் பின்தெருவில்,
சாப்பாட்டைக் கிலோ கணக்கில் விற்கும் கடை.
தட்டை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள்.
நான் தராசில் வைத்து எண்ணைச் சொல்கிறேன்.
அறுநூற்று நாற்பது.
நானூற்றுத் தொண்ணூறு.
ஒரு கிலோ முந்நூறு என்றால்
குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வேன்.
முதலாளி சொல்லித் தந்ததல்ல அது.

பதினொரு வருஷத்துக்கு முன்பு
என் எடையே நூற்று நாற்பத்தேழு கிலோ.
பொது ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் பெயர் எழுதிக் காத்திருந்து
வயிற்றை வெட்டித் தைத்துக்கொண்டேன்.
சாண் வயிறு என்பார்களே,
என்னுடையது அன்றிலிருந்து விரற்கடை.

நாலாம் மாதம் முடி கொட்டியது.
குளியலறை வடிகாலில் கறுப்புப் பூனைக்குட்டி ஒன்று
சுருண்டு படுத்திருப்பது போல.

எல்லோரும் அந்த முதல் வருஷத்தைத்தான் கேட்கிறார்கள்.
பழைய கால்சட்டையின் ஒற்றைக் காலுக்குள்
இரண்டு காலையும் விட்டு நின்ற போட்டோவை.
பிறகு வந்த பத்து வருஷத்தை
யாரும் போட்டோ எடுக்கவில்லை.
எடுக்கவும் என்ன இருக்கிறது?
காலையில் இரும்புச் சத்து மாத்திரை,
அதோடு காப்பி கூடாது.
அவ்வப்போது பி-பன்னிரண்டு ஊசி,
குத்திவிட்டு நர்ஸ் ஜாண்டிரா கால்பந்துக் கதை பேசுவாள்.
முதலில் கறி, பிறகு பீன்ஸ், இடமிருந்தால் சோறு.
சாப்பிடும்போது தண்ணீர் இல்லை.
இந்த ஊர் வெயிலில் அதுதான் கஷ்டம்.
தோல் மட்டும் இன்னும் பழைய அளவு.
மடித்து உள்ளே வைத்திருக்கிறேன்,
விருந்தாளி வந்தால் விரிக்கும் ஜமக்காளம் போல.

ஏழாம் வருஷம் எட்டு கிலோ திரும்பி வந்தது,
கதவைத் தட்டாமல்.
மூன்றை அனுப்பிவிட்டேன்.
ஐந்து இங்கேயே குடியிருக்கிறது.
சண்டையில்லை.

என்னோடு அதே வாரம் தைக்கப்பட்டவள் இவோனெட்டி.
மெலிந்தாள், ஆடினாள், சிவப்பு கவுன் வாங்கினாள்.
தின்ன முடியாததையெல்லாம்
கரும்புச் சாராயமாகக் குடித்தாள்.
எங்களுக்கு இரண்டு மிடறிலேயே ஏறிவிடும்.
இப்போது புதன்கிழமைதோறும் ஒரு சர்ச் அறையில்
நாற்காலி வட்டத்தில் உட்காருகிறாள்.
முடியும்வரை நான் வெளியே, படியில்.
ஐந்து மாதமாக.
வந்து கட்டிக்கொள்ளும்போது
மூச்சை இழுத்து முகர்ந்து பார்ப்பதில்லை நான்.
முகரத் தோன்றும்.

இங்கே பஸ்ஸில் சுழல்கம்பி உண்டு.
காசு கொடுத்து, அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.
ஒருநாள் அதில் மாட்டிக்கொண்டேன்.
பஸ் முழுக்கப் பார்த்தது.
"இனிமேல் பின்கதவால் ஏறுங்கள் அம்மா"
என்றார் நடத்துநர், அன்பாகத்தான்.
அந்த அன்பைத்தான் மறக்க முடியவில்லை.

இன்றும் கம்பியை நெருங்கியதும்
உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்புகிறது.
இரண்டு பக்கமும் இடம் சும்மா கிடக்க,
இன்னொருத்தி கூடவே வருகிறாள் போல.
முன்பு வெட்கப்படுவேன்.
இப்போது ஒரு நொடி நிற்கிறேன்,
அவள் தாண்டட்டும் என்று.
பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.
முணுமுணுக்கட்டும்.

மூன்று மணிக்குக் கடை ஓயும்.
வேலையாட்களுக்குச் சாப்பாடு இலவசம்,
எடை போட வேண்டியதில்லை.
ஆனாலும் போடுகிறேன்.
இருநூற்றுப் பத்து!
உரக்கச் சொல்கிறேன்.
"குருவிக்கா சமைத்தேன்?" என்று
அடுப்படியிலிருந்து கத்துவான் வால்டெனோர்.

அரை வயிறு என்றால் பஞ்சம் என்று அர்த்தம், மற்றவர்களுக்கு.
என் அரை வயிறு நிறைந்தது.
ஒரு துண்டு மரவள்ளி, மேலே வெண்ணெய் உருக.
இருபது தரம் மெல்வதற்குள்
அடியில் எங்கிருந்தோ ஓர் இனிப்பு வருகிறது.
நூற்று நாற்பத்தேழில் இருந்தபோது
மரவள்ளி இனிக்கும் என்றே எனக்குத் தெரியாது.
அவ்வளவு தின்றிருக்கிறேன்.

கைப்பையில், காகிதத்தில் சுற்றிய பாதி ரொட்டி.
நேற்றைய பாதியும் இருக்கிறது.
எறும்பு வந்துவிட்டது.