நான்காவது பாட்டில் ஒரு பிரேக்

லூஷியஸின் கடையில் சுவரெல்லாம் இறந்தவர்கள்.
புகைக்குள் மூடிய கண்கள்,
கறுப்பு வெள்ளையில் வியர்வைகூட அழகு.
"ஜாஸ் அறுபத்தேழோடு முடிந்தது" என்பார்
கல்லாவில் சில்லறை எண்ணியபடி,
தண்ணீர் வரிக்குக் கடைசித் தேதி சொல்வதுபோல.

எனக்கும் அவர்களைப் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன்.
வெர்லின் என்னை விட்டுப் போனபோது
மைக்ரோவேவை எடுத்துக்கொண்டு
நானூறு இசைத்தட்டுகளை வைத்துவிட்டுப் போனான்.
ஒரு பிலடெல்ஃபியாக் குளிர்காலம் முழுக்க
அவற்றோடுதான் சாப்பிட்டேன்,
ஆறிப்போனதை.

ஆனால் இறந்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதில்லை.

தெஸலி கோயின்ஸ் நிற்பாள்.
செல்டன் அவென்யூ முனையில், என் பன்னிரண்டே கால் வண்டிக்கு,
தன்னைவிட உயரமான பாஸைக் கட்டிப்பிடித்தபடி.
மழையென்றால் குடை அதற்குத்தான்.
"இதற்கும் டிக்கெட்டா?" என்றாள் முதல் நாள்.
"உட்கார்ந்தால் டிக்கெட், நின்றால் இலவசம்" என்றேன்.
அன்றிலிருந்து பாஸ் நிற்கிறது,
அதில் சாய்ந்து அவள் தூங்குகிறாள்.
பகலில் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கும் வேலை.

போன மாதம் இறங்கும்போது ஒரு தட்டை நீட்டினாள்.
உறை அவள் தம்பி வரைந்தது; நீலம் ஓரத்தில் வழிந்திருந்தது.
முந்நூறு பிரதி.
இருபது டாலர் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள்.
வாடகை யார் கட்டுவது என்றேன். வாங்கிக்கொண்டாள்.

லூஷியஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
"யாரைப்போல வாசிக்கிறாள்?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதல் பாட்டு பிடிக்கவில்லை.
இரண்டாவதில் டிரம்ஸ்காரன் படிக்கட்டில் பாத்திரம் உருட்டினான்.
மூன்றாவதில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
நான்காவதில்
எல்லோரும் நிறுத்திவிட, பாஸ் மட்டும்
ஒரே சுரத்தை விட்டுவிட்டுத் தொடுகிறது,
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல.
அப்போது, பின்னால்,
அவர்கள் பதிவுசெய்த சர்ச் நிலவறையின் ஜன்னலுக்கு வெளியே
ஒரு நீண்ட பெருமூச்சு.
காற்று பிரேக்.
ஒரு பஸ் நின்று, பக்கவாட்டில் குனிந்து,
யாரையோ இறக்கிவிடுகிறது.
அவள் வெட்டவில்லை. அது முடியும்வரை காத்திருந்து
அந்த மூச்சு விட்ட இடத்திலிருந்தே
அடுத்த சுரத்தை எடுக்கிறாள்.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன்.
மறுபடியும்.
பிறகு ஷிப்ட் அட்டவணையைத் தேடி எடுத்து
உறையிலிருந்த தேதியோடு ஒப்பிட்டேன்: செவ்வாய்க்கிழமை.
நானாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஆல்டன்.
ஆல்டன் அவ்வளவு மெதுவாக பிரேக் போடமாட்டான்.

நானூறு தட்டுகளில் ஒன்றிலும் நான் இல்லை.
யாரோ இருமுகிறார்கள், ஒரு கண்ணாடி டம்ளர் விழுகிறது.
அதை விட்டவர் அந்த வாரமே கடைக்குப் போய்
புதுத் தட்டைக் கேட்டிருப்பாரா,
அன்றும் கல்லாவிலிருந்த ஒருவர்
"யாரைப்போல?" என்றாரா?

பன்னிரண்டே கால்.
செல்டன் முனையில் மழை; தெரிவது குடை, அதன் கீழே நான்கு தந்திகளின் தலை.
வண்டியைக் குனிய வைக்கிறேன், மெதுவாக,
முழு மூச்சும் வெளியே போகிற மாதிரி.
பாஸ் முதலில் ஏறுகிறது.