மாற்று உருப்படி எண் நான்கு

மூன்று உறைகள்.
செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி.
ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாங்கமாட்டேன்.
போன வருஷம் சாக்கடைக் குழாய் டெண்டருக்கு
மூச்சிரைக்கப் படியேறி வந்தவனைச்
சுவர்க்கடிகாரத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினவள் நான்.
இன்றும் கடையில் என்னைப் பார்த்தால்
பால் அடுக்கின் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

நகர எழுத்தர் என்றால் இவ்வளவுதான்:
கத்தி, கடிகாரம், ரப்பர் முத்திரை.

இடம், காகித ஆலையின் பழைய கார் நிறுத்துமிடம்.
ஒன்பது ஏக்கர் தார்.
மார்ச் முடிந்தும் போகாத விஸ்கான்சின் பனி
ஓரங்களில் அழுக்குத் துணி மாதிரி.
அதைத்தான் பூங்கா ஆக்க வேண்டும்.

ஹால்வர்சன் மகன்கள்:
இருபத்துநான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம் டாலர்.
வாங் மண்வேலை:
இருபத்துநான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது.
மில்வாக்கிக்காரர்கள் முப்பதுக்கும் மேலே;
அவர்கள் உறை மட்டும் நல்ல கனத்த காகிதம்.
நகரத்தின் கையில் இருபத்திரண்டு.

வாசித்து முடித்தேன்.
பொறியாளர் ஆர்டெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

ராத்திரி ஏழுக்கு மன்றம் கூடியது.
வெட்டுவதற்கென்றே சிலவற்றைத்
தனியாக விலை கேட்டு வைத்திருப்போம்.
குழந்தைகள் நனைய நீர் வளையங்கள்: போயின.
மேடைக்குக் கூரை: போயிற்று.
இன்னும் நாற்பதாயிரம் குறைய வேண்டும்.
நாற்பத்தொரு மரத்தில் இருபத்திரண்டை எடுக்கலாம்,
அது மூன்று.
அல்லது கழிப்பறையை எடுக்கலாம்,
அது நான்கு.

ஆர்டெல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
கழிப்பறை போனால் ஹால்வர்சன் விலை கீழே.
மரம் போனால் வாங் கீழே.

பின்வரிசையில் இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

மரத்துக்காக நான்கு பேர் பேசினார்கள்.
நிழல், பறவை, கோடைச் சூடு, வருங்காலத் தலைமுறை.
யாருக்கும் கைதட்டத் தோன்றும்.

பிறகு லூசில் ப்ரிபில் எழுந்தாள்.
ஆறாம் எண் பஸ் ஓட்டுகிறவள், சீருடையைக் கழற்றவில்லை.
"அந்த மூலைதான் என் கடைசி நிறுத்தம்.
பதினோரு நிமிஷம் நிற்கணும்.
எதிரே பெட்ரோல் பங்கில் சாவி கேட்டால்
ஏதாவது வாங்கினால்தான் கொடுப்பான்.
ஒரு கோக் வாங்குவேன்.
அந்தக் கோக்கைக் குடித்துவிட்டு
அடுத்த சுற்றில் மறுபடி சாவி கேட்பேன்.
ஒன்பது வருஷம் ஆச்சு."

மூன்று நிமிஷம் தருகிறோம்.
அவள் ஐம்பது நொடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்குக்கு மூன்று.
கழிப்பறை இருக்கும். மரம் பத்தொன்பது.
தீர்மானம் நிறைவேறியது என்று எழுதினேன்.
நிறைவேறியது என்ற சொல்லில்
நிறைவு எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று
எழுதும்போதெல்லாம் யோசிப்பேன், பிறகு மறந்துவிடுவேன்.

எல்லோரும் போன பின் வந்தார் பாவ் வாங்.
ஜெயித்த முகம் இல்லை.
"மற்றவர் விலைப்பட்டியலைப் பார்க்கலாமா?"
பொது ஆவணம், பார்க்கலாம்.
தாரை உடைத்து அள்ளும் வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.
இந்தத் தொழிலில் ஜெயித்தவன்
எதையோ கணக்கில் விட்டவன்.
விரல் நின்றது. அங்கேயும் ஏறக்குறைய அதே தொகை.
மூச்சு விட்டார்.
விட்டது எதுவானாலும்
ஹால்வர்சனும் சேர்ந்தே விட்டிருக்கிறார் போல.

நடைவழிப் பலகையில் பூங்காவின் படம்.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
மரத்துக்கு ஒன்றாய்க் குத்திய பச்சை ஊசிகள்.
ஆர்டெல் கொடுத்த பட்டியலைப் பார்த்து
இருபத்திரண்டைப் பிடுங்கினேன்.
ஊசி போன இடத்தில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்.
வியாழன் காலைக்குள் நிரப்பச் சொல்லலாம்,
ஆனால் அதற்கெல்லாம் உருப்படி எண் கிடையாது.

ஒப்பந்தம் வழங்கப்பட்ட அறிவிப்பை ஒட்ட
மேஜையில் ஊசி தேடினேன்.
கையில்தான் இருக்கிறதே.
நான்கு மூலைக்கு நான்கு மரம்.
மிச்சம் பதினெட்டு
என் கோட்டுப் பையில் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

ஆறாம் எண் பஸ்ஸில்தான் வந்தேன்.
லூசில் ஒன்றும் கேட்கவில்லை.
ரேடியேட்டரின் மேல்
பாதி குடித்த கோக் ஆடிக்கொண்டிருந்தது.